புதிது போலவே இருந்த ரீஃபர்பிஷ்டு கேமரா: வாங்குவதற்கு முன் படித்துவிடுங்கள்

ரீஃபர்பிஷ்டு கேமரா, அதாவது யாரோ பயன்படுத்தியதைச் சீர்செய்து மறுபடி விற்கும் கேமரா, வாங்கலாமா என்ற யோசனையில் இருப்பவர்கள் பணம் கட்டுவதற்கு முன் ஐந்து நிமிடம் ஒதுக்கி இதைப் படியுங்கள். நான் ஏமாந்த கதை இது. கடையின் பெயரை எழுதவில்லை. எப்படி ஏமாற்றினார்கள் என்பது தெரிந்தால், அதே வேலையை வேறு யார் செய்தாலும் உங்களால் கண்டுபிடித்துவிட முடியும்.

அக்கா மகளின் பள்ளி நாடகத்துக்காகத்தான் வாங்கினேன். அவளுக்கு முக்கிய வேடம். "மாமா, நல்லா பெருசா ஒரு போட்டோ எடுத்துத் தரணும்" என்று பார்க்கும்போதெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். அரங்கின் மங்கலான வெளிச்சத்துக்கு என் போன் போதாது. பெரிய சென்சார் (ஒளியைப் பதிவுசெய்யும் சில்லு) கொண்ட புதிய ஃபுல் ஃபிரேம் கேமராவோ கைக்கு எட்டாத விலை. அப்போதுதான் ஒரு கடையின் விளம்பரத்தில் அந்த டிஎஸ்எல்ஆர் (லென்ஸை மாற்றக்கூடிய, உள்ளே கண்ணாடி வைத்த கேமரா) கண்ணில் பட்டது. 'நிபுணர்களால் சோதிக்கப்பட்டது, புதிது போன்றது' என்று போட்டிருந்தார்கள்.

பெட்டியைப் பிரித்ததும் மனசு நிறைந்துவிட்டது. பாடியில் ஒரு கீறல் இல்லை. கைப்பிடி ரப்பர் கருகருவென்று, விரல் படாதது போல இருந்தது. வீட்டுக்குள்ளேயே பத்துப் படம் எடுத்துப் பார்த்தேன், எல்லாம் பளிச்சென்று வந்தன. பத்திரமாக மூடி வைத்துவிட்டேன். திருப்பித் தர 10 நாள் அவகாசம் இருந்தது. நாடகம் மூன்று வாரம் கழித்து. நான் தவறிய இடம் இதுதான்.

நாடகத்தின் இரண்டாம் காட்சியில் விளக்கு அவள் முகத்தில் விழுந்தபோது பட்டனை அழுத்தினேன். திரையில் வந்த படத்தின் கீழ்ப் பாதி கரிய பட்டையாக இருந்தது. அடுத்த படமும் அப்படியே. மூன்றாவது முறை 'டக்' என்று ஒரு சத்தம். கேமராவுக்குள் இருக்கும் கண்ணாடி மேலே ஏறியபடியே நின்றுவிட்டது. அணைத்துப் போட்டேன், பேட்டரியைக் கழற்றி மாட்டினேன், ஒன்றும் நடக்கவில்லை. மேடையிலிருந்து அவள் ஒருமுறை நான் உட்கார்ந்திருந்த பக்கம் பார்த்தாள்.

மறுநாள் பழுது பார்க்கும் ஒருவரிடம் கொண்டுபோனேன். மெமரி கார்டிலிருந்த ஒரு படத்தைக் கணினியில் திறந்து, அதற்குள் பதிவாகியிருந்த விவரங்களைக் காட்டினார். ஷட்டர் கவுண்ட், அதாவது படம் எடுக்கும்போது திறந்து மூடும் ஷட்டர் இதுவரை எத்தனை முறை ஓடியது என்ற கணக்கு, 1,90,000-ஐத் தாண்டியிருந்தது. அந்த மாடலின் ஷட்டர் 1,50,000 முறைக்குச் சோதிக்கப்பட்டது. அதைத் தாண்டினால் உடனே செத்துவிடும் என்றில்லை, இரண்டு மடங்கு ஓடுவதும் உண்டு. ஆனால் அவ்வளவு ஓடிய ஒன்றை 'புதிது போன்றது' என்று விற்பது பொய்.

அடுத்து, கேமராவின் அடியில் ஒட்டியிருந்த வரிசை எண்ணையும் படத்துக்குள் பதிவாகியிருந்த வரிசை எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். இரண்டும் வேறு. அடித்தகடு வேறொரு கேமராவிலிருந்து வந்தது. பிறகு நான் மயங்கிய அந்த ரப்பரின் ஓரத்தை நகத்தால் மெல்லத் தூக்கினார். அடியில் பசை இன்னும் பிசுபிசுவென்று ஒட்டியது. பேட்டரி அறைக்குள் டார்ச் அடித்தால் உலோக முனைகளில் பச்சை பூத்திருந்தது. எப்போதோ ஈரம் போயிருக்கிறது. லென்ஸ் மாட்டும் வளையமான மவுண்டைச் சுற்றியிருந்த திருகுகளில் இரண்டின் தலை தேய்ந்து, கறுப்புப் போய் உலோகம் மின்னியது. மூன்று வாரமும் அது என் கண் முன்னால்தான் இருந்திருக்கிறது.

கடைக்குப் போன் செய்தேன். அவர்கள் சொன்ன பதிலை அப்படியே தருகிறேன்: "ரீஃபர்பிஷ்டுன்னா சுத்தம் பண்ணி, சோதிச்சு கொடுக்கிறதுதான் சார். ஷட்டர் மாத்தினோம்னு நாங்க எங்கயும் சொல்லலையே." திருப்பித் தரும் நாளும் முடிந்துவிட்டதாம்.

எனக்கு ஆத்திரம் வந்தது உண்மை. ஆனால் அவர்கள் விளம்பரத்தில் அப்படி எழுதவில்லை என்பதும் உண்மை. அந்தச் சொல்லுக்கு எல்லோரும் ஏற்ற ஒரே வரையறை கிடையாது. தயாரித்த நிறுவனமே திரும்பப் பெற்று, பாகம் மாற்றி, தன் வாரண்டியோடு விற்பதும் ரீஃபர்பிஷ்டுதான். ஒரு கடைக்காரர் துடைத்து, புது ரப்பர் ஒட்டி விற்பதும் ரீஃபர்பிஷ்டுதான். ஆகவே முதலில் கேட்க வேண்டியது: யார் சரிசெய்தது, எந்தப் பாகத்தை மாற்றினார்கள், அதற்கு ரசீது உண்டா? வாரண்டி யாருடையது, எத்தனை நாள், ஷட்டரும் அதில் அடக்கமா? வாய்ப்பேச்சு போதாது, எழுத்தில் வாங்குங்கள்.

அதோடு, அந்தக் கேமராவில் எடுத்து எந்தத் திருத்தமும் செய்யாத ஒரு படக்கோப்பை அனுப்பச் சொல்லுங்கள். நிக்கான் கேமராக்களில் ஷட்டர் கவுண்ட் படத்துக்குள்ளேயே பதிவாகும். கேனானின் பெரும்பாலான மாடல்களில் அப்படி இல்லை. கேமராவைக் கணினியோடு இணைத்துத்தான் பார்க்க முடியும். மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத கேமரா) என்றால் எண்ணிக்கையை மட்டும் நம்பாதீர்கள். ஷட்டர் அசையாமல் சென்சாரே வேலை செய்யும் எலக்ட்ரானிக் ஷட்டரில் எடுத்தவையும் மணிக்கணக்கில் எடுத்த வீடியோவும் பெரும்பாலும் அந்தக் கணக்கில் வராது.

கையில் வந்த அன்றே சோதியுங்கள். லென்ஸின் துவாரத்தைச் சிறிதாக்கி, எஃப் 16-இல் வைத்து, ஃபோகஸ் இல்லாமல் ஒரு வெள்ளைச் சுவரை எடுத்தால் சென்சாரில் உள்ள தூசும் எண்ணெய்த் துளியும் கறும்புள்ளியாகத் தெரியும். லென்ஸ் மூடியைப் போட்டு 30 விநாடி எடுத்தால் பழுதான பிக்சல்கள் வண்ணப் பொட்டுகளாக மின்னும். ஒன்றிரண்டு இருந்தால் பரவாயில்லை. லென்ஸைக் கழற்றி, பின்பக்கமிருந்து டார்ச் ஒளியைச் சாய்வாக விட்டுப் பாருங்கள். சிலந்தி வலை போல இழை தெரிந்தால் பூஞ்சை. துடைத்தாலும் கண்ணாடிப் பூச்சில் தடம் தங்கிவிடலாம். ஷட்டரைச் சோதிக்க, ஷட்டர் வேகத்தை அதிகமாக வைத்து நூறு இருநூறு படங்களைத் தொடர்ந்து எடுங்கள். நான் அன்றே இதைச் செய்திருந்தால் அந்தக் கரும்பட்டை வீட்டிலேயே தெரிந்திருக்கும்.

எனக்கு இன்னும் கேமரா வேண்டும். அவளுக்கு அடுத்த நாடகம் வருகிறது. இந்த முறை மூன்று பேரிடம் மேலே சொன்ன கேள்விகளைக் கேட்டேன். இருவர் பதிலே போடவில்லை. மூன்றாமவர் திருத்தாத படக்கோப்பையும் ஷட்டர் மாற்றிய ரசீதின் படத்தையும் அனுப்பினார். கேமராவின் அடியில் உள்ள எண்ணையும் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். கோப்பில் உள்ள எண்ணும் அதுவும் ஒன்றாகவே இருக்கின்றன. சனிக்கிழமை நேரில் பார்க்கப் போகிறேன், டார்ச்சோடு.