பழைய பிரவுசர்: அச்சு அசலாகக் காட்டவா, வேலை நடந்தால் போதுமா?

விண்ணப்பப் படிவத் தளம் ஒன்றைப் புதிதாக எழுதும்போது, ஐபோன் 6 வைத்திருப்பவர்களை என்ன செய்வது என்பதுதான் எங்களுக்குள் பெரிய விவாதம். அந்த போன் ஐஓஎஸ் 12-ஓடு நின்றுவிட்டது. அதில் எந்த பிரவுசரை இறக்கினாலும் உள்ளே ஓடுவது சஃபாரியின் எஞ்சின்தான், அதனால் "குரோம் போட்டுக்கோங்க" என்று சொல்லவும் வழியில்லை. "பிரவுசரைப் புதுப்பியுங்கள்" என்று பலகை மாட்டுவதைப் பேசவே வேண்டாம், முடிந்தவர் எப்போதோ புதுப்பித்திருப்பார்.

மிச்சம் இரண்டு வழி. ஒன்று, பேபல் (புது ஜாவாஸ்கிரிப்டைப் பழைய பிரவுசருக்குப் புரியும்படி மாற்றும் கருவி), பாலிஃபில் (பிரவுசரில் இல்லாத வசதியை ஈடுகட்டும் ஸ்கிரிப்ட்) எல்லாம் போட்டு எல்லா பிரவுசரிலும் ஒரே தோற்றம் கொண்டுவருவது. பணம் கொடுப்பவருக்குக் காட்ட இது வசதி. இன்னொன்று, பக்கத்தின் அடிப்படை மொழியான வெறும் எச்டிஎம்எல்லிலேயே படிவம் வேலை செய்ய வேண்டும், மற்றதெல்லாம் மேற்பூச்சு. நாங்கள் எடுத்தது இரண்டாவது. காரணம் பராமரிப்பு.

முதல் வழியின் தொல்லைக்கு ஓர் உதாரணம். தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ் மொழியில், பட்டன் போன்றவற்றை வரிசையாக அடுக்கும் ஃப்ளெக்ஸ்பாக்ஸில் 'கேப்' (இடைவெளி) கொடுத்தால் சஃபாரி 14.1-க்கு முந்தையவற்றில் இடைவெளி வராது. சரி, ஒரு வசதி பிரவுசருக்குத் தெரியுமா என்று கேட்கும் 'சப்போர்ட்ஸ்' விதி எழுதிச் சோதிக்கலாம் என்றால், கட்டங்களாக அடுக்கும் கிரிட்டில் கேப் தெரியும் என்பதால் ஐஓஎஸ் 12-இல் இருக்கும் சஃபாரி 12 "தெரியும்" என்றே பதில் சொல்லும். அப்புறம் அதற்கு மார்ஜினை (ஓர இடைவெளி) வைத்து ஒரு பேட்ச் (ஒட்டுவேலை), அந்தப் பேட்ச் புது பிரவுசரில் எதையும் கெடுக்காமலிருக்க இன்னொன்று. மைக்ரோசாஃப்ட் 2022 ஜூனில் தன் பழைய பிரவுசரான ஐஇ (இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர்) 11-ஐ மூடிய பிறகும் அதற்காக எழுதிய பேட்ச்கள் பல தளங்களில் அப்படியே கிடக்கின்றன, எடுத்தால் எது உடையுமோ என்று யாரும் கை வைப்பதில்லை.

எங்கள் வழியில் ஐஓஎஸ் 12-இல் இரண்டு பட்டன் ஒட்டிக்கொண்டு நிற்கும், அவ்வளவுதான். தெரியாத சிஎஸ்எஸ் வரியை பிரவுசர் தாண்டிப் போய்விடும். ஜாவாஸ்கிரிப்ட் அப்படியில்லை, கேள்விக்குறியும் புள்ளியும் சேர்ந்த புது ஆபரேட்டர் (?.) ஓரிடத்தில் இருந்தாலே சஃபாரி 12 மொத்த ஃபைலையும் ஓட்டாது. அதுவும் எங்களுக்கு நல்லதுதான். பாதி ஓடிப் பாதியில் நிற்கும் படிவத்தைவிட, ஸ்கிரிப்டே இல்லாத படிவம் எவ்வளவோ மேல்: பெயரை நிரப்பி, சான்றிதழை ஏற்றி, 'சமர்ப்பி'யை அழுத்தினால் போய்ச் சேருகிறது, தப்பிருந்தால் சர்வர் அதே பக்கத்தைப் பிழையோடு திருப்பிக் காட்டுகிறது. நாளைக்கு அந்த போன்கள் மறைந்துபோனால் அழிக்க வேண்டிய பேட்ச் எங்களிடம் எதுவும் இல்லை.

போட்டோ எடிட்டர் போல முழுக்க ஸ்கிரிப்டிலேயே ஓடும் ஆப் நான் கட்டியதில்லை, அங்கே இது பொருந்தும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். படிவம், செய்தி, அட்டவணை இருக்கிற தளம் என்றால் தாராளமாக இதையே எடுக்கலாம்.