நாலு வருட மாடி சோலார்: கரண்ட் போனால் இதுவும் நிற்கும்

போன வாரம்தான் என் மாடி சோலாரின் இன்வெர்ட்டர், அதாவது பேனல் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றுகிற பெட்டி, ரிப்பேர் முடிந்து வந்தது. திருச்சியில் வீடு கட்டிக்கொண்டிருக்கும் நண்பன் அதே நேரம் பார்த்து, "சோலார் போடலாமா?" என்று கேட்டான். அவனுக்குச் சொன்னதை இங்கேயும் எழுதிவைக்கிறேன். என்னுடையது 3 கிலோவாட், பேட்டரி இல்லாத ஆன்-கிரிட், அதாவது தெரு லைனோடு இணைந்தே ஓடுகிற வகை. 4 வருடம் முடிந்துவிட்டது.

போடும்போது ஆளாளுக்குப் பயமுறுத்தினார்கள். மேகம் மூடினால் ஒன்றும் வராதாம். வரும். நல்ல வெயிலில் 12 யூனிட் தருகிற மாடி, ஐப்பசி மூடாக்கிலும் நாலைந்து யூனிட் தருகிறது. பேனல் செய்ய ஆகிற மின்சாரத்தைக்கூட அது திருப்பித் தராது என்று பக்கத்து வீட்டு மாமா இன்றும் சொல்கிறார். நம் ஊர் வெயிலுக்கு ஒன்றிரண்டு வருடத்தில் அந்தக் கடன் தீர்ந்துவிடும். பேனல் வாரண்டியோ 25 வருடம்.

நானே தப்பாக நினைத்திருந்தது ஒன்று உண்டு. கத்திரி வெயிலில்தான் அதிகம் வரும் என்று காத்திருந்தேன். பேனலுக்கு வேண்டியது வெளிச்சம், சூடு அதற்கு ஒத்துக்கொள்ளாது. பேனலின் சூடு 25 டிகிரியைத் தாண்டியபின் ஏறுகிற ஒவ்வொரு டிகிரிக்கும் 0.3 முதல் 0.4 சதவீதம் வரை உற்பத்தி குறையும். மே மாத மதியத்தில் பேனல் 60 டிகிரிக்கு மேல் கொதிக்கும். என் மாடியில் மாசியும் பங்குனியும்தான் அறுவடைக் காலம்.

சரி, இதெல்லாம் சோலாருக்கு எதிரான கதைகள். எதுவும் என்னைச் சுடவில்லை. சுட்டது ஆதரவாகச் சொன்ன கதை. "இனிமேல் உங்களுக்குக் கரண்ட் கட்டே கிடையாது சார்" என்றார் விற்க வந்தவர். முதல் மாதமே பகல் 12 மணிக்குக் கரண்ட் போனது. மாடியில் வெயில் கொளுத்துகிறது, கீழே ஃபேன் நின்றுவிட்டது, அம்மா விசிறியோடு உட்கார்ந்திருக்கிறார். லைனில் கரண்ட் இல்லையென்றால் இந்த வகை இன்வெர்ட்டர் தானாக நின்றுவிட வேண்டும். இல்லாவிட்டால் நம் மாடி மின்சாரம் தெருக் கம்பிக்குப் போய், கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேனின் உயிருக்கே ஆபத்து. அந்த ஏற்பாட்டை நான் ஒருநாளும் குறை சொல்ல மாட்டேன். அதை மறைத்து விற்றதைத்தான் 4 வருடமாக மன்னிக்க முடியவில்லை.

பில் மூன்றில் ஒரு பங்காகிவிட்டது, பேனலில் ஒரு குறையும் இல்லை. ஆனாலும் நண்பனிடம் "இப்போதைக்கு வேண்டாம்டா" என்றுதான் சொன்னேன். கரண்ட் போனால் வீட்டில் எது ஓடும், எது ஓடாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிற ஆள் கிடைத்தால் கூப்பிடச் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு நானே திருச்சிக்குப் போய் மாடியை அளந்து கொடுப்பேன்.