கும்பகோணத்தில் ஒரு விடுமுறை வகுப்பு: கழிவுப் பொருளில் கட்டுமானம்

கோடை விடுமுறையில் கும்பகோணத்தில் நடைபெற்ற சிறுவர் கைவேலை வகுப்பு ஒன்றில் என் மகளையும் தங்கை மகனையும் சேர்த்திருந்தேன். வீட்டில் கழித்துப்போடும் அட்டைப்பெட்டி, செய்தித்தாள், எண்ணெய் கேன், கொட்டாங்கச்சி ஆகியவற்றைக் கொண்டே எல்லாவற்றையும் செய்யலாம் என்பது வகுப்பை நடத்தியவர்களின் அறிவிப்பு. இத்தகைய வகுப்புகள் பெரும்பாலும் பாட்டிலுக்கு வண்ணம் பூசிப் பூச்சாடி என்று பெயரிடுவதோடு முடிந்துவிடும். இங்கும் அந்தப் பூச்சாடி உண்டு; அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

சிறப்பாக அமைந்தது மதகு செய்யும் பயிற்சி. ஐந்து லிட்டர் எண்ணெய் கேனை நீளவாக்கில் அறுத்து வாய்க்காலாக்கி, ஐஸ்கிரீம் டப்பாவின் மூடியை வெட்டி ஷட்டராகச் செருகித் தண்ணீர் ஊற்றச் சொன்னார்கள். முதலில் எல்லாக் குழந்தைகளின் மதகும் ஒழுகியது. ஆசிரியர் விடையைச் சொல்லாமல், எந்த இடத்தில் அதிகம் ஒழுகுகிறது என்று மட்டும் கேட்டார். ஆழம் கூடக் கூட நீரின் அழுத்தம் கூடுவதால் மூடியின் அடிப்பகுதி வளைந்து இடைவெளி விடுவதைக் குழந்தைகள் தாங்களே கண்டுபிடித்து, பழைய சைக்கிள் டியூபை நாடாவாக வெட்டி விளிம்பில் ஒட்டியும், மூடியின் குறுக்கே பேனாக் குழாயை வைத்துக் கட்டியும் சரிசெய்தார்கள். கல்லணையில் தண்ணீர் காவிரி, வெண்ணாறு, கொள்ளிடம், கல்லணைக் கால்வாய் எனப் பிரிவதைப் பார்த்திருக்கும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இதைவிடப் பொருத்தமான பாடம் கிடைப்பது அரிது. மறுவாரம் ஒரே வாய்க்காலில் நான்கு மதகு வைத்துத் தண்ணீரைப் பங்கிடச் சொன்னபோது, கடைமடையில் இருந்த சிறுவன் தனக்கு வரவில்லை என்று சண்டைக்குப் போனதையும் பயிற்சியின் வெற்றியாகவே கொள்ள வேண்டும்.

மருந்தைச் சுரண்டிய தீக்குச்சிகளை, சைக்கிள் வால்வில் போடும் மெல்லிய ரப்பர் குழாயான வால்வு டியூபின் துண்டுகளால் இணைத்து வடிவங்கள் செய்ததும் நன்று. சதுரம் தொட்டவுடன் சாய்வதையும், மூலைக்கு மூலை ஒரு குச்சி சேர்த்து முக்கோணங்களாக்கியதும் அது அசையாமல் நிற்பதையும் கண்ட பிறகே, செய்தித்தாளை இறுகச் சுருட்டிப் பாலம் கட்டத் தொடங்கினார்கள். குப்பையிலிருந்து பொம்மை செய்யும் கலையை நாடெங்கும் பரப்பி 2018-இல் பத்மஸ்ரீ பெற்ற அரவிந்த் குப்தா பரவலாக்கிய முறை இது. அவர் பெயரை ஆசிரியர் ஒருமுறையேனும் சொல்லியிருக்கலாம்.

தலையாட்டி பொம்மைக்கு ஒதுக்கிய நேரம் போதவில்லை. கொட்டாங்கச்சியில் களிமண் அடைத்துக் காகிதத் தலை வைத்தார்கள். அடி வளைவாகவும் கனமாகவும் இருப்பதால்தான் தஞ்சாவூர் பொம்மை சாய்த்தாலும் நிமிர்கிறது என்று ஆசிரியரே சொல்லி முடித்துவிட்டார். களிமண்ணைக் குறைத்தும் கூட்டியும் பார்க்க விட்டிருந்தால் மதகைப் போல இதுவும் மனத்தில் பதிந்திருக்கும்.

குறைகளில் முதன்மையானது, கழிவுப் பொருள் என்று சொல்லிவிட்டு ஐஸ் குச்சிக் கட்டும் புதிய காகிதக் கோப்பைகளும் வாங்கி வரச் செய்தது. வாழைமட்டையும் தென்னை ஈர்க்கும் தாராளமாகக் கிடைக்கும் ஊரில் இதற்குத் தேவையே இல்லை. சூடான பசைத் துப்பாக்கியைச் சிறு குழந்தைகளின் கையில் கொடுத்ததை ஏற்க முடியாது. அட்டைக்கும் காகிதத்துக்கும் மைதாப் பசையே போதும். கேனை அறுத்த விளிம்புகளுக்கு ஒட்டுநாடா சுற்றவும் நாங்கள் நினைவூட்ட வேண்டியிருந்தது.

எட்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளைத் தயங்காமல் அனுப்பலாம். அதற்குக் கீழே உள்ளவர்களோடு பெரியவர் ஒருவர் உடன் இருப்பது நல்லது, அதற்கு அனுமதிக்கிறார்கள். எண்ணெய் கேனை முந்தின நாளே சீயக்காய் போட்டுக் கழுவிக் காயவைத்து அனுப்புங்கள், பிசுக்கு இருந்தால் டியூப் நாடா ஒட்டாது.