பெயரிங் போட்ட 6 அங்குலக் கிணற்றுக் கப்பி: வாங்கலாம், கொக்கியை மட்டும் மாற்றுங்கள்

காத்தான்குடி, கல்முனைப் பக்கத்து ஹாட்வெயார் கடைகளில் இரண்டு விதக் கப்பி தொங்கும். ஒன்று வெறும் அச்சில் சுற்றும் வார்ப்பிரும்புச் சில்லு, மற்றது பெயரிங் (அச்சைச் சுற்றிச் சின்ன இரும்புக் குண்டுகள் உருளும் வளையம்) போட்டது. விலை கூடினாலும் பெயரிங் போட்டதையே எடுங்கள்.

கிணற்றுக் கப்பி பாரத்தைக் குறைப்பதில்லை. 10 லீற்றர் தண்ணீர் 10 கிலோதான். குனிந்து மேலே தூக்காமல், உடம்பின் பாரத்தைப் போட்டுக் கீழே இழுக்கலாம் என்பதே இலாபம். அந்த இலாபத்தைத் தின்பது அச்சின் உராய்வு. உராய்வு அச்சின் சின்ன ஆரத்தில் பிடிக்கிறது, கை சில்லின் பெரிய ஆரத்தில் இழுக்கிறது. அதே அச்சில் 3 அங்குலச் சில்லைப் போட்டால் உராய்வுக்கென்று செலவாகும் விசை இரட்டிக்கும். ஆகவே 6 அங்குலத்துக்குக் கீழே போகவே வேண்டாம்.

மனிதரை முன்னேற்றிய எளிய பொறி எதுவென்றால் பலரும் சில்லு என்பார்கள். பெருமை அச்சுக்குத்தான் சேர வேண்டும். சுலோவேனியாவின் லியுப்லியானா சதுப்பில் கிடைத்த மரச்சில்லுக்கு வயது 5,000 ஆண்டுக்கு மேல். அதன் அச்சுத்துளை சதுரம், அச்சும் சில்லோடு சேர்ந்தே சுழன்றது. வண்டி அச்சுக்குள் குண்டுகளை வைக்கும் முறைக்கு வேல்ஸில் பிலிப் வோன் காப்புரிமை பெற்றது 1794இல். இந்தக் கப்பிக்குள் உருளுவதும் அதே யோசனை.

கடையிலேயே பெயரிங்கில் உள்ள இலக்கத்தை வாசியுங்கள். 6202 என்றால் உள்துளை 15 மி.மீ., வெளிவிட்டம் 35 மி.மீ. பின்னால் 2ஆர்எஸ் என்றிருந்தால் இரு பக்கமும் இறப்பர் மூடி. இசட்இசட் என்றால் தகர மூடி. அதன் இடுக்கால் உப்புக்காற்றும் மாரி ஈரமும் புகுந்து உள்ளே கறள் பிடிக்கும். சில்லைச் சுண்டிவிட்டுக் காதருகே பிடியுங்கள், கரகரக்கக் கூடாது.

சில்லுக்கும் பக்கத் தகட்டுக்கும் இடையிலுள்ள இடைவெளியையும் பாருங்கள். அது கூடிப்போனால் கயிறு பள்ளத்தை விட்டு அதற்குள் இறங்கும், இழுக்க இழுக்க இறுகும்.

பெரிய குறை, வாய் திறந்த கொக்கி. கயிறு தளர்ந்து உதறும்போது கப்பி கழன்று விழலாம். அதற்குப் பதிலாகச் சக்கிள் (குறுக்கே ஆணி போட்டு வாயை மூடும் இரும்பு வளையம்) போட்டு, அதன் ஆணி கழலாதபடி கம்பியால் கட்டிவிடுங்கள். கப்பியை விறைப்பாக இறுக்காமல் ஆடவிட்டால்தான் இழுக்கும் பக்கம் திரும்பும். மூடிய பெயரிங்குக்கு எண்ணெய் தேவையில்லை. வெறும் அச்சுக் கப்பிக்குக் கிறீஸ்தான். தேங்காய் எண்ணெய் விட்டால் நாளடைவில் பிசினாகிச் சில்லைப் பிடித்துக்கொள்ளும்.