ட்ராக் டே பிரேக் பேட்: எது உண்மையில் மலிவு, எது நீடித்து உழைக்கும்?

ட்ராக் டேயில், அதாவது சொந்தக் காரைப் பந்தயத் தடத்தில் ஓட்டும் நாளில், பயன்படுத்தப் பிரேக் பேட் வாங்க நினைப்பவர்கள், எது விலை குறைவு என்றும் எது நெடுநாள் வரும் என்றும் இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்கிறார்கள். ஆனால் இரண்டுக்கும் விடை ஒன்றுதான்: உங்கள் வண்டியின் டிஸ்க் (சக்கரத்தோடு சுழலும், பேட் அழுத்திப் பிடிக்கும் தட்டு) தடத்தில் எட்டும் வெப்பத்தை எந்த பேட் சலனமின்றித் தாங்குகிறதோ, அதுவே நெடுநாள் உழைக்கும், மொத்தச் செலவைக் கூட்டிப் பார்த்தால் பெரும்பாலும் அதுவே மலிவாகவும் இருக்கும். வெப்ப எல்லையைத் தாண்டிய பேட் படிப்படியாகத் தேய்வதில்லை, சட்டென்று கரைகிறது.

இந்த வெப்பம் எவ்வளவு என்பதை ஒரு சிறு கணக்கில் காணலாம். 1,400 கிலோ எடையுள்ள கார் ஒன்றை மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து முழுவதுமாக நிறுத்தினால், பிரேக்குகள் ஏறத்தாழ 2 லட்சம் ஜூல் ஆற்றலை வெப்பமாக மாற்றுகின்றன. அதே காரை நீண்ட நேர்பாதையின் முடிவில் 180 கிலோமீட்டரிலிருந்து 80 கிலோமீட்டருக்குக் குறைத்தால் அந்த அளவு 14 லட்சம் ஜூலாகிறது. சாலையில் ஒரு முறை நிறுத்துவதைப் போல ஏழு மடங்கான இந்தச் சுமை, ஆறுவதற்கு நேரமே இல்லாமல் ஒவ்வொரு சுற்றிலும் பல வளைவுகளில் திரும்பத் திரும்ப வருகிறது. அதன் பெரும்பங்கை முன்சக்கர பேட்களே சுமக்கின்றன.

காரோடு வரும் கம்பெனி பேட்களும், அவற்றுக்கு மாற்றாக விற்கப்படும் செராமிக் சாலை பேட்களும் இந்தச் சுமைக்காக உருவாக்கப்பட்டவை அல்ல. சத்தமில்லாமை, தூசியின்மை, குளிர்ந்த நிலையிலும் நம்பகமான பிடி ஆகியவையே அவற்றின் இலக்கு. உராய்வுப் பொருளைப் பிணைத்து வைத்திருக்கும் ரெசின் மிகையான சூட்டில் சிதைந்து வாயுவாக வெளியேறும்போது, பெடல் கெட்டியாக இருந்தும் வண்டி நிற்க மறுக்கிறது. பேட்டின் முகம் கண்ணாடிபோல் பளபளத்துப் போவதும், ஓரங்கள் பொடிந்து உதிர்வதும் இதன் தொடர்ச்சிகளே. முதல் முறை தடத்துக்குச் செல்பவர், எடை குறைந்த காரில், இடையிடையே குளிரவிட்டு ஓட்டுவதாக இருந்தால் தடிமன் குறையாத கம்பெனி பேட்களோடு சமாளித்துவிடலாம். அதற்கு மேல் அவற்றிடம் எதிர்பார்ப்பது வீண்.

பேட்டின் விளிம்பில் அச்சிடப்பட்டிருக்கும் இரண்டு ஆங்கில எழுத்துகளைப் பார்த்து முடிவெடுப்பவர்களும் உண்டு. எஃப் என்றால் உராய்வுக் குணகம் (பிடியின் வலுவைக் காட்டும் எண்) 0.35 முதல் 0.45 வரை, ஜி என்றால் 0.45 முதல் 0.55 வரை, முதல் எழுத்து இயல்பான சூட்டுக்கும் இரண்டாவது எழுத்து மிகுந்த சூட்டுக்கும் உரியது. ஆனால் இந்த எழுத்துகளைத் தீர்மானிக்கும் சோதனையின் உச்ச வெப்பம் சுமார் 340 டிகிரி செல்சியஸோடு நின்றுவிடுகிறது. தேய்மானத்தைப் பற்றி அந்த எழுத்துகள் எதுவுமே சொல்வதில்லை. தடத்துக்கான தேர்வில் அவற்றுக்கு இடமில்லை என்பதே என் எண்ணம்.

அடுத்த படியில் இருப்பவை, தடத்துக்கு ஓட்டிச் சென்று அதே பேட்களோடு வீடு திரும்பலாம் என்ற உறுதியோடு விற்கப்படும் இருபயன் பேட்கள். ஃபெரோடோ டிஎஸ் 2500, ஹாக் எச்பி பிளஸ், ஈபிசி யெல்லோஸ்டஃப் ஆகியவை இந்த வரிசையில் அடிக்கடி ஒப்பிடப்படுபவை. டிஎஸ் 2500-க்குத் தயாரிப்பாளர் கூறும் வெப்ப எல்லை 20 முதல் 500 டிகிரி வரை. சராசரி உராய்வுக் குணகம் 0.42. பெடலை எவ்வளவு அழுத்துகிறோமோ அவ்வளவுக்குப் பிடிக்கும் சீரான குணம் அதன் பலம். எச்பி பிளஸ் இன்னும் கூர்மையாகக் கவ்வும்; அதற்கு ஈடாகச் சாலையில் கிறீச்சிடும், சக்கரங்களைத் தூசியால் மூடும். யெல்லோஸ்டஃப் குளிர்ந்த நிலையிலேயே நன்றாகப் பிடிப்பதால் அன்றாடச் சாலை ஓட்டத்துக்கு இணக்கமானது. கனமான, வேகமான கார்களுக்கு ஈபிசி நிறுவனமே தன் தடப் பயன்பாட்டு வகைகளைத் தனியாக வைத்திருக்கிறது. ஆயிரம் கிலோவை ஒட்டிய எடையும் சாதாரண சாலை டயர்களும் கொண்ட வண்டிக்கு இந்த வகுப்பே போதுமானது. ஒன்றரை டன் வண்டியில் இவற்றைப் போட்டு முழுவேகத்தில் ஓட்டுபவர், சேமித்ததாக நினைத்த பணத்தை மறு செட் வாங்குவதில் இழந்துவிடுவார்.

தடத்துக்கென்றே செய்யப்பட்ட பேட்களில்தான் ஒப்பீடு சுவையாகிறது, ஏனெனில் இங்கே இரண்டு குணங்கள் தெளிவாகப் பிரிகின்றன. ஒரு வகை, தொட்டவுடன் வலுவாகக் கவ்வும் குறுந்தூரப் பந்தயக் கலவை; ஃபெரோடோவின் டிஎஸ் யூனோ அதற்கு எடுத்துக்காட்டு. மற்றொரு வகை, முதல் கவ்வலில் சற்று மிதமாக இருந்தாலும் மணிக்கணக்காக ஒரே சீராக உழைக்கும் நெடுந்தூரப் பந்தயக் கலவை. அதே நிறுவனத்தின் டிஎஸ் 1.11, பேகிட் ஆர்எஸ்எல் 29 ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை. குறைந்த செலவில் நீண்ட ஆயுளைத் தேடுபவர் தயங்காமல் இரண்டாம் வகைக்குச் செல்ல வேண்டும். பிடிப்பு குறைந்த சாலை டயர்களில் மிகையான கவ்வல், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ்ஸை அடிக்கடி விழித்தெழச் செய்யுமே தவிர, நிற்கும் தூரத்தைக் குறைத்துவிடாது. டயரால் தரையில் இறக்க முடியாத உராய்வுக்குக் காசு கொடுப்பதில் பொருளில்லை. ஆர்எஸ்எல் 29-இன் விலை முதல் பார்வையில் மலைக்க வைக்கும் என்பது உண்மை. ஆனால் அது டிஸ்கையும் அதிகம் அரிக்காது என்பதால், தொடர்ந்து தடத்துக்குச் செல்பவர்களின் கணக்கில் அந்த விலை மெல்ல நேராகிவிடுகிறது.

சின்டர்டு பேட்கள் தனிச் சாதி. உலோகத் தூளை அழுத்தி, சூட்டில் இறுக்கிச் செய்யப்படும் இவற்றில் எரிந்து போக ரெசினே இல்லை. முன்பு கார்பன் லொரேன் என்ற பெயரில் அறியப்பட்ட சிஎல் பிரேக்ஸின் ஆர்சி 6 இவ்வகையில் பரவலாக அறியப்பட்டது. ஆயுள் மட்டுமே அளவுகோல் என்றால் இதை முன்வரிசையில் வைப்பேன். குறை என்னவென்றால், உலோகம் வெப்பத்தை எளிதில் கடத்துவதால் பேட்களை டிஸ்கின் மேல் அழுத்தும் காலிப்பருக்கும் அதனுள் இருக்கும் பிரேக் ஆயிலுக்கும் கூடுதல் சூடு போய்ச் சேரும். கொதிநிலை உயர்ந்த ஆயில் இல்லாமல் இவற்றைப் பொருத்தக் கூடாது. சத்தத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

விலையை ஒப்பிடும்போது பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் தொகையை விட்டுவிட்டு, தடத்தில் ஓட்டும் ஒரு மணி நேரத்துக்கு என்ன செலவாகிறது என்று பார்ப்பதே முறை. உதாரணத்துக்கு, ஒரு பங்கு விலையுள்ள பேட் ஒரே நாளில் முடிந்து, மூன்று பங்கு விலையுள்ளது ஐந்து நாள் உழைத்தால் எது மலிவு என்பதில் ஐயமில்லை. இந்தக் கணக்கில் டிஸ்கின் தேய்மானத்தையும் சேர்த்தாக வேண்டும். தடத்துக்கான பேட்கள் பல, சூடேறாத நிலையில் டிஸ்கை அரம்போல அராவுபவை. அவற்றைப் பூட்டிக்கொண்டு தினமும் அலுவலகம் சென்றுவந்தால் பேட்டில் மிச்சமானது டிஸ்கில் போய்விடும். ஆகவே தட பேட், சாலை பேட் என இரண்டு செட் வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் பொருத்துவதே சிக்கனம். இரண்டும் ஒரே நிறுவனத்தின் ஒத்துப்போகும் கலவைகளாக இருந்தால், இரு பேட்களிலிருந்தும் டிஸ்கின் மேல் படியும் மெல்லிய படலங்கள் ஒன்றோடொன்று மோதாது.

உங்கள் டிஸ்க் எந்தச் சூட்டை எட்டுகிறது என்பதை ஊகிக்கத் தேவையில்லை. டிஸ்கின் விளிம்பில் பூசும் வெப்பப் பெயிண்ட் விலை குறைவானது. பச்சை 430 டிகிரியிலும், ஆரஞ்சு 560 டிகிரியிலும், சிவப்பு 610 டிகிரியிலும் நிறம் மாறும். பச்சைகூட மாறவில்லை என்றால் இருபயன் பேட்டுக்கு மேல் செலவிட வேண்டாம். பச்சை மாறி ஆரஞ்சு நிலைத்திருந்தால் டிஎஸ் 2500 போன்றவை எல்லைக்கோட்டில் நிற்கின்றன என்று பொருள். நெடுந்தூரக் கலவைக்கு மாறலாம். சிவப்பும் மாறிவிட்டால், இன்னும் விலையுயர்ந்த பேட்டைத் தேடுவதற்கு முன் டிஸ்குக்குக் காற்று கொண்டுசெல்லும் குழாய் பொருத்துவது நல்லது. ஒரு முறை செய்யும் அந்தச் செலவு, பின்னால் வாங்கும் ஒவ்வொரு செட்டின் ஆயுளையும் கூட்டும்.

எந்த பேட்டாக இருந்தாலும் புதிதில் படிப்படியாகச் சூடேற்றி, பிறகு முழுமையாகக் குளிரவிட்டுப் பதப்படுத்தாமல் தடத்தில் இறங்கக் கூடாது. உராய்வுப் பொருள் பாதித் தடிமனுக்குக் கீழே போனதும் அது வெப்பத்தைத் தடுக்கும் திறனை இழந்து மிச்சப் பாதி விரைவாகத் தேயும் என்பதால், அடுத்த செட்டை அப்போதே வாங்கி வையுங்கள். பேட் ஒருபக்கமாகச் சரிந்து தேய்வதைக் கண்டால், காலிப்பரின் அமைப்பு இடம்கொடுக்கும் வண்டிகளில் உள்பேட்டையும் வெளிப்பேட்டையும் இடம் மாற்றிப் போட்டு, கூடுதலாக ஒரு நாளைப் பெறலாம்.