ரிச்சி தெருவில் பிஎஸ்பி வாங்கப் போகிறீர்களா? முழுதாக அணைத்துப் பார்த்து வாங்குங்கள்

பழைய விளையாட்டுகள் ஏற்றிய சோனி பிஎஸ்பி 3000 என்ற கையடக்க விளையாட்டுக் கருவி ஒன்றைச் சென்னை ரிச்சி தெருவில் 7,500 ரூபாய் கொடுத்து வாங்கினேன். அதற்கு மேல் 2,000 ரூபாய் தண்டம் அழுதேன். பணத்தை விடுங்கள், என் மகள் ஏமாந்ததுதான் இன்னும் ஆறவில்லை.

அவளுக்குப் பன்னிரண்டு வயது. கோடை விடுமுறையில் போனை நோண்டாமல் வேறு ஏதாவது விளையாடட்டும் என்று போனேன். கல்லூரி நாட்களில் நான் ஆசைப்பட்டு வாங்க முடியாமல் போன சாதனம் என்பதும் ஒரு காரணம். கடைக்காரர் பெட்டியைப் பிரித்துக் கையில் கொடுத்தார். "பிராண்ட் நியூ பீஸ் சார். பத்தாயிரம் கேம் ஃபுல் லோடு. கேம்பாய், சேகா, பிஎஸ் ஒன், நின்டெண்டோ 64 எல்லாமே ஓடும்." வலப்பக்கச் சுவிட்சை லேசாகத் தள்ளினார், பச்சை விளக்கு எரிந்தது, விளையாட்டுகள் வரிசையாக வந்தன. நானும் நம்பிவிட்டேன். பிஎஸ்பி தயாரிப்பைச் சோனி 2014லேயே நிறுத்திவிட்டது. இன்றைக்குக் கடையில் பளபளவென்று இருப்பது பெரும்பாலும் பழைய போர்டுக்குப் புது உறை மாட்டியதுதான். இதை அன்றைக்கே யோசித்திருக்க வேண்டும்.

முதல் வாரமே ஒருநாள் சார்ஜ் முழுதாக இறங்கிவிட்டது. சார்ஜ் போட்டு ஆன் செய்தால் எமுலேட்டர் (வேறு கருவிகளின் பழைய விளையாட்டுகளை இதில் ஓட வைக்கும் நிரல்) இருந்த இடத்திலெல்லாம் 'கரப்டட் டேட்டா' என்று சாம்பல் நிறக் கட்டங்கள். பிஎஸ்பி விளையாட்டுகள் பட்டியலிலேயே இல்லை. மகள் முகம் வெளுத்துவிட்டது. "அப்பா, நான் எதையும் அமுக்கல."

கடைக்குக் கொண்டு போனேன். "சாஃப்ட்வேர் போயிடுச்சு சார், புதுசா போடணும், ஐந்நூறு ஆகும்" என்றார். கவுன்டருக்குப் பின்னால் கொண்டுபோய் இரண்டே நிமிடத்தில் திருப்பிக் கொடுத்தார். இப்படியே நான்கு முறை. ஒவ்வொரு முறையும் "பிள்ளைங்க ஏதாவது பண்ணியிருப்பாங்க சார்" என்று சொல்லிக்கொண்டே பணத்தை வாங்கினார். நான்காவது முறை எட்டிப் பார்த்தேன். எங்கள் மெமரி கார்டைக் கழற்றிவிட்டு அவருடைய கார்டு ஒன்றைச் செருகி, எதையோ ஒருமுறை ஓடவிட்டு, மறுபடி எங்கள் கார்டை மாட்டினார். அவ்வளவுதான் வேலை.

என் அக்கா பையனிடம் காட்டியபோதுதான் விஷயம் புரிந்தது. சோனியின் மென்பொருள் தன் டிஜிட்டல் கையெழுத்து இல்லாத நிரல்களை ஓடவிடாது. அதைத் தாண்டத்தான் கஸ்டம் ஃபர்ம்வேர் என்ற மாற்றியமைத்த மென்பொருளை ஏற்றுகிறார்கள். 3000 மாடலில் வழக்கமாகப் போடுவது தற்காலிக வகை, அது ராம் நினைவகத்தில் மட்டும் தங்கும். சுவிட்சை லேசாகத் தள்ளினால் சாதனம் தூங்கும், ராமுக்கு மின்சாரம் போய்க்கொண்டே இருக்கும், எல்லாம் அப்படியே இருக்கும். சார்ஜ் இறங்கினாலோ, பேட்டரியைக் கழற்றினாலோ, சுவிட்சைச் சில நொடிகள் பிடித்து முழுதாக அணைத்தாலோ போய்விடும். அதை மீட்க 'ஃபாஸ்ட் ரெக்கவரி' என்று ஒரு சிறு நிரல் இருக்கிறது. கார்டிலேயே வைத்துக்கொண்டு ஒரு தட்டு தட்டினால் போதும், காசு கிடையாது. எங்கள் கார்டில் மட்டும் அது இல்லை. அதுவும் வேண்டாம் என்றால் சோனி மென்பொருளின் 6.61 பதிப்பில் 'இன்ஃபினிட்டி' என்ற நிரலைப் போட்டு நிரந்தரமாகவே ஆக்கிவிடலாம். அக்கா பையன் அரைமணி நேரத்தில் அதைச் செய்து கொடுத்தான். இதெல்லாம் தெரிந்த ஒரு கடைக்காரர் பன்னிரண்டு வயதுப் பிள்ளைமேல் பழியைப் போட்டதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

சரி, இதோடு முடிந்தது என்று நினைத்தோம். அடுத்த அடி மெமரி கார்டில்.

மகள் ஜிபிஎஸ்பி என்ற கேம்பாய் அட்வான்ஸ் எமுலேட்டரில் போக்கிமான் எமரால்டு விளையாடிக்கொண்டிருந்தாள். முதலில் எடுத்த மட்கிப் என்ற போக்கிமானைக் கூடவே வைத்து, அது சுவாம்பர்ட்டாக உருமாறும்வரை வளர்த்து, ஜிம் என்ற போட்டிக்கூடங்களில் ஜெயித்து எட்டில் ஏழு பேட்ஜ் வாங்கியிருந்தாள். எட்டாவது ஜிம்முக்கு எந்தப் போக்கிமானை எடுத்துப் போவது என்று நோட்டில் பென்சிலால் அட்டவணையே போட்டு வைத்திருந்தாள். ஒரு காலையில் திறந்தால் 'நியூ கேம்' மட்டும் இருக்கிறது, 'கன்டினியூ' இல்லை. சேமித்த கோப்பு இருந்தது, உள்ளே வெறும் குப்பை.

பிஎஸ்பியில் போகும் மெமரி ஸ்டிக் புரோ டுயோவுக்குப் பதிலாக, அடாப்டரில் மைக்ரோ எஸ்டி கார்டு போட்டுத் தருவார்கள். எங்களுக்குத் தந்தது 64 ஜிபி என்று எழுதிய கார்டு. அக்கா பையன் அதைக் கணினியில் 'எச்2டெஸ்ட்டபிள்யூ' வைத்துச் சோதித்தான். அந்த நிரல் கார்டு முழுக்கக் கோப்புகளை எழுதி, எழுதியதைத் திரும்பப் படித்துப் பார்க்கும். எட்டு ஜிபிகூட நிறையவில்லை, அதற்குப் பிறகு எழுதியது எதுவுமே இல்லை. 64 என்று பொய் சொல்லும்படி கார்டின் உள் நிரலை மாற்றியிருக்கிறார்கள். கோப்புகளின் பெயர் தெரியும், உள்ளடக்கம் இருக்காது. 'பத்தாயிரம் கேம்' என்று காட்டியதில் பெரும்பகுதி இப்படிப் பெயர்ப் பட்டியல்தான்.

கார்டைக் கொண்டுபோய்க் காட்டினேன். "கார்டுக்கு வாரண்டி கிடையாது சார்" என்று அடுத்த வாடிக்கையாளரிடம் திரும்பிவிட்டார். பில் கேட்டு வாங்காதது என் தவறு. அந்த விளையாட்டுகள் எல்லாம் அனுமதியில்லாத நகல்கள், அதை எழுதி எந்தக் கடையும் பில் தராது. ஆனால் சாதனத்துக்கும் கார்டுக்கும் தனியாகப் பில் கேட்கலாம், தர மறுத்தால் அடுத்த கடைக்கு நடையைக் கட்டலாம். என்னிடம் ஜிபே ரசீது மட்டும் இருந்தது. அதை வைத்து 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன்.

வாங்கப் போகிறவர்கள் கடையிலேயே, கடைக்காரர் கண் முன்னால், பேட்டரியைக் கழற்றிப் பத்து எண்ணிவிட்டு மாட்டி ஆன் செய்யுங்கள். எமுலேட்டர் அப்போதும் ஓடினால் நிரந்தர வகை. ஓடாவிட்டால் ஃபாஸ்ட் ரெக்கவரியை அவரையே காட்டச் சொல்லி, அது உங்கள் கார்டில் இருக்கிறதா என்று பாருங்கள். கார்டை அவரிடம் வாங்கவே வேண்டாம், நல்ல இடத்தில் பில்லோடு 32 ஜிபி வாங்கினால் போதும். கேம்பாய் அட்வான்ஸ் விளையாட்டுகள் ஒவ்வொன்றும் அதிகபட்சம் 32 எம்பிதான். பிஎஸ் ஒன் விளையாட்டுகளும் அருமையாக ஓடும், அதற்கான எமுலேட்டரைச் சோனியே உள்ளே வைத்திருக்கிறது. நின்டெண்டோ 64 ஓடும் என்று சொன்னால் நம்பாதீர்கள். டீடலஸ் எமுலேட்டர் திறக்கும், ஆனால் 333 மெகாஹெர்ட்ஸ் செயலிக்கு அது பெரும் சுமை. பல விளையாட்டுகள் இழுத்து இழுத்துத்தான் நகரும்.

அப்புறம் பேட்டரி. எங்களுடையதில் 3,600 எம்ஏஎச் என்று அச்சிட்டிருந்தது. 3000 மாடலுக்குச் சோனி கொடுத்தது 1,200 எம்ஏஎச். அதே அளவு பேட்டரிக்குள் மூன்று மடங்கு எப்படி அடங்கும்? போன மாதம் பின்மூடி சரியாகப் பொருந்தவில்லை என்று மகள் கொண்டு வந்தாள். கழற்றிப் பார்த்தால் பேட்டரி நடுவில் உப்பியிருந்தது. உங்கள் வீட்டில் பழைய பிஎஸ்பி இருந்தால் இன்றைக்கே மூடியைத் திறந்து பாருங்கள். உப்பியிருந்தால் சார்ஜ் போடாதீர்கள், குத்தாதீர்கள், குப்பைத்தொட்டியில் போடாமல் மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள்.

மகள் மறுபடி முதலிலிருந்து தொடங்கியிருக்கிறாள். மட்கிப்பைத்தான் எடுத்தாள். ராத்திரி படுக்கப் போகும் முன் சேமித்த கோப்பை லேப்டாப்பில் ஒரு நகல் போட்டுவிட்டுத்தான் தூங்குகிறாள்.