உயிலா, செட்டில்மெண்டா? காட்பாடி வீட்டுக்கு நாங்கள் எடுத்த முடிவு

காட்பாடியில் ஒரு வீடு, குடியாத்தம் பக்கம் கொஞ்சம் நிலம், ஒரு மகன், ஒரு மகள். இரண்டு சொத்தும் நான் சம்பாதித்து வாங்கியவை. பூர்வீகமாக இருந்தால் என் பங்கை மட்டும்தான் எழுத முடியும். பிள்ளைகள் பேருக்கு இப்போதே செட்டில்மெண்ட் (உயிரோடு இருக்கும்போதே சொத்தை எழுதிக்கொடுக்கும் பத்திரம்) செய்துவிடு என்றார்கள் சொந்தக்காரர்கள். நானும் வீட்டம்மாவும் உயில் பக்கம் போனோம்.

செலவில் உயில் மலிவு, முத்திரைத்தாளே தேவையில்லை. குடும்பத்துக்குள் செட்டில்மெண்ட் என்றால் முத்திரைத் தீர்வை, பதிவுக் கட்டணம் இரண்டும் உண்டு, இரண்டுக்கும் உச்சவரம்பும் உண்டு. இதை வைத்து யாரும் முடிவெடுக்க வேண்டாம்.

எங்களுக்கு முக்கியம், விற்கும் உரிமை யாரிடம் இருக்கிறது என்பதுதான். சாதாரண செட்டில்மெண்ட் பதிவானதுமே சொத்து கைமாறிவிடும். வில்லங்கச் சான்றில் பிள்ளை பெயர் ஏறும். மனம் மாறினால் நாமாக ரத்து செய்ய முடியாது. பெற்றோரைக் கவனிக்க வேண்டும் என்று பத்திரத்திலேயே எழுதியிருந்தால், 2007 மூத்த குடிமக்கள் சட்டம் 23-ஆம் பிரிவின்படி கோட்டாட்சியரிடம் மனு போடலாம். பெற்ற பிள்ளை மேல் மனு போட்டு வாங்கும் வீட்டில் எப்படித் தூங்குவது?

என் பயம் பிள்ளைகளின் குணத்தைப் பற்றியதும் அல்ல. மருத்துவச் செலவு எப்படியிருக்கும் என்று வேலூர்க்காரனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம், சி.எம்.சி. மருத்துவமனை வாசலில் வெளி மாநிலத்து ஜனங்களைப் பார்த்துக்கொண்டே இருக்கிறோம். நாளை எங்களில் ஒருவருக்கு ஏதாவது என்றால், நிலத்தை விற்க என் கையெழுத்து ஒன்றே போதும் என்றிருக்க வேண்டும். மகன் தங்கமானவன்தான். ஆனால் அவன் தொழிலில் கடன் ஏறி, அவன் பெயரில் இருக்கும் வீட்டுக்கு ஜப்தி வந்தால்? ஆயுள்கால அனுபவ உரிமையை வைத்துக்கொண்டும் செட்டில்மெண்ட் எழுதலாம். குடியிருக்கலாம், முழுசாக விற்க முடியாது. உயில் எழுதினால் கண் மூடும்வரை விற்கலாம், அடமானம் வைக்கலாம், மாற்றி எழுதலாம்.

உயிலின் பலவீனம் சாட்சி. எழுதியவர் இல்லாதபோது வழக்கு வந்தால், பதிவு உயிலாக இருந்தாலும், சாட்சிகள் இருவரில் ஒருவராவது உயிரோடு இருந்தால் கோர்ட்டில் வந்து சொல்ல வேண்டும். அதனால் என்னைவிட வயதில் இளையவர்களாக, சொத்தில் சம்பந்தமில்லாதவர்களாகப் பார்த்துப் பிடித்தோம். தெளிந்த மனநிலை என்று டாக்டர் சான்றும் வாங்கினோம். பதிவு கட்டாயமில்லை, இருந்தும் செய்தோம். சார்பதிவாளர் அலுவலகத்தில் உயில்களுக்கான 3-ஆம் புத்தகத்தில் ஏறும், நான் இருக்கும்வரை மற்றவர் கேட்டால் நகல் தரமாட்டார்கள். ஒன்று நினைவிருக்கட்டும்: பின்னால் முறைப்படி எழுதிய வெள்ளைத்தாள் உயில், முந்தைய பதிவு உயிலைத் தள்ளிவிடும்.

நான் பார்த்தது இந்துக் குடும்பக் கணக்கு மட்டும். மேல்விஷாரம், ஆம்பூர் முஸ்லிம் நண்பர்களுக்கு இது அப்படியே பொருந்தாது. வாரிசுகள் சம்மதிக்காமல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயிலில் கொடுக்க முடியாது. பென்ஷனும் இன்னொரு வீடும் இருந்து, பிள்ளைகளுக்குள் இப்போதே பேச்சில்லை என்றால், செட்டில்மெண்ட் பக்கம் நானே சாய்ந்திருப்பேன்.